நம்ம ஊர் லைட்டி: அப்பாவின் ஃபிளேம்ஸ் தட்டுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அப்பா தவறிய பிறகு வீட்டை ஒழித்தபோது ரேடியோகிராமுக்குள் கொஞ்சம் இசைத்தட்டுகள் கிடைத்தன. பாதிக்கு மேல் தமிழ்ப் படப் பாட்டு. நான்கு மட்டும் 'த ஃபிளேம்ஸ்' என்ற ஒரே குழுவுடையது. யார் இவர்கள்? அப்பா வயதுக்காரர்களிடம் பெயரைச் சொன்னாலே உருகிப்போகிறார்கள். வெறும் பழைய நினைவுதானா, பாட்டிலேயே ஏதாவது இருக்கிறதா? ஒரு கடைக்காரர் விலைக்குக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?"

கொடுக்காதீர்கள். கடைசிக் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். மற்றதற்குக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் என் அப்பாவும் இந்தக் குழுவின் பைத்தியம், நான் இருபது வயது தாண்டும்வரை அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவள்.

முதலில் ஆள் யார் என்று பார்ப்போம். ஃபிளேம்ஸ் டர்பன்காரர்கள். 1963இல் ஸ்டீவ் ஃபத்தார் தொடங்கிய குழு. ஸ்டீவ் கிட்டார், அவர் தம்பி எட்ரீஸ் பேஸ் கிட்டார். எட்ரீஸை எல்லோரும் கூப்பிட்டது 'பிரதர்' என்றுதான். இன்னொரு தம்பி ரிக்கி ஃபத்தார் டிரம்ஸில் உட்கார்ந்தபோது பள்ளிக்கூடத்துப் பையன். பிறகு வந்து சேர்ந்தவர் பிளாண்டி சாப்ளின், கிட்டாரும் குரலும். ரிக்கி 1952இல் பிறந்தவர், பிளாண்டி 1951. அவர்களுடைய 'பர்னிங் சோல்' எல்.பி. 1967இல் வந்தது, 'சோல்ஃபயர்' 1968இல். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஊரையே ஆட வைத்த அந்தத் தட்டுகளில் இருக்கும் இரண்டு பேருக்கு அப்போது பதினைந்திலிருந்து பதினேழுக்குள்தான் வயது.

இவர்கள் தமிழர்கள் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாட்ஸ்வொர்த்தில் யாரைக் கேட்டாலும் "நம்ம பையன்கள்" என்றுதான் சொல்வார்கள், கேட்பவருக்குக் குழப்பம் வரும். அரசாங்கத்தின் பதிவேட்டில் அவர்கள் வெள்ளையர் அல்லாதவர்கள், நாமும் வெள்ளையர் அல்லாதவர்கள். அந்தக் காலத்தில் ஒருவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

அப்பா வளர்ந்தது மேகசின் பாரக்ஸில். நகராட்சி தன் தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களைக் குடிவைத்த வரிசை வீடுகள். தாத்தா அங்கே ஆறடிக் கூத்துக் கட்டியவர். நம் தெருக்கூத்துக்கு இந்த ஊரில் அந்தப் பெயர் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அறுபதுகளில் எல்லோரையும் கிளப்பி சாட்ஸ்வொர்த்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பாவுக்கு அப்போது பதின்ம வயது. பழைய சிநேகிதர்கள் ஆளுக்கொரு யூனிட்டில், அதாவது பகுதியில், போய் விழுந்தார்கள். பஸ் ஏறிப் போய்ப் பார்க்க வேண்டிய தூரம். சனிக்கிழமை டான்ஸ்தான் அவர்கள் மறுபடி ஒரே கூரையின் கீழ் சேர்ந்த இடம் என்று அப்பா சொல்வார். அந்தக் கூரையின் கீழ் வாசித்தவர்கள் ஃபிளேம்ஸ் மாதிரிக் குழுக்கள்.

இன்றைக்கு இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் புரியவைப்பது கஷ்டம். டி.வி. இந்த நாட்டுக்கு வந்ததே 1976 ஜனவரியில்தான். அதுவரை பாட்டு என்றால் ரேடியோ, தட்டு, டான்ஸ் ஹால். அரசு வானொலி எதைப் போடும், எதைப் போடாது என்பது அதிகாரிகள் கையில். 1966இல் ஜான் லெனன் இயேசுவை விடத் தங்களுக்குப் பெயர் அதிகம் என்கிற மாதிரி ஏதோ சொல்லப்போக, பீட்டில்ஸ் பாட்டையே அரசு வானொலி தடை செய்துவிட்டது. பல வருஷம் நீடித்தது அந்தத் தடை. ஆகவே எங்கள் வீட்டு ரேடியோவின் முள் பக்கத்து நாடான மொசாம்பிக்கின் லொரென்சோ மார்க்கெஸ் நிலையத்திலேயே நின்றது. எல்.எம். ரேடியோ என்பார்கள். அலை ஏறி இறங்கும், பாட்டு கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருக்கும், நடுவில் கரகரவென்று போய்விடும். அப்பாவுக்குப் பல ஆங்கிலப் பாட்டுகளின் இரண்டாம் சரணம் தெரியாது. கரகரப்பில் போனது போனதுதான்.

ஆனால் ஃபிளேம்ஸ் பாட்டு அப்படி இல்லை. அதை நேரில் கேட்க முடிந்தது.

நேரில் என்பதும் அவ்வளவு சுலபமாக இருந்ததில்லை. யார் எந்த ஹாலுக்குள் நுழையலாம் என்பதற்குச் சட்டம் இருந்தது. 1964 கடைசியில் இங்கிலாந்துப் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் கலப்புக் கூட்டத்துக்குப் பாடினார் என்று நாட்டை விட்டே வெளியேற்றினார்கள். அவ்வளவு பெரிய பெயருக்கே அந்தக் கதி. உள்ளூர்ப் பையன்களுக்குச் சொல்லவா வேண்டும். வாசித்துவிட்டு வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு, அவரவருக்கு ஒதுக்கிய பகுதிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான்.

சரி, பாட்டுக்கு வருவோம். உங்கள் நான்கு தட்டுகளில் ஒன்று நிச்சயம் 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' ஆக இருக்கும். இல்லாமல் போனால்தான் ஆச்சரியம். அது அவர்கள் சொந்தப் பாட்டு இல்லை. அமெரிக்காவில் ஜெர்ரி பட்லரும் இம்ப்ரெஷன்ஸ் குழுவும் 1958இலேயே பாடியது. ஃபிளேம்ஸ் பத்து வருஷம் கழித்து அதை எடுத்துப் பாட, தென்னாப்பிரிக்காவில் ஓடு ஓடென்று ஓடியது. இங்கே நிறையப் பேர் மூலப் பாட்டு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிட்டார்கள். என் அப்பா உட்பட. ஜெர்ரி பட்லர் பாடியதை ஒருநாள் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் காப்பி அடிச்சிருக்கான்" என்றார்.

இந்தப் பாட்டில் என்ன இருக்கிறது? நடையைக் கவனியுங்கள். ரொம்ப மெதுவாகப் போகிற நாலு தாள அடி. ஒவ்வொரு அடிக்குள்ளும் மூன்று சின்னத் துடிப்பு. நம் கணக்கில் சொன்னால் திஸ்ர நடை. தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டுப் பாருங்கள், தகிட தகிட என்று உள்ளே ஓடுவது தெரியும். மேலே காலம் நிற்கிற மாதிரி இருக்கும், கீழே ஏதோ உருண்டுகொண்டே இருக்கும். டான்ஸ் ஹாலில் இது எதற்குப் பயன்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேகப் பாட்டுக்குத் தள்ளி நின்று ஆடியவர்கள் இதற்குக் கிட்ட வந்து ஆடினார்கள். அம்மாவும் அப்பாவும் முதல் முறை சேர்ந்து ஆடியது இதற்கா என்று இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். அப்பா ஆமாம் என்பார். அம்மா, "யார் சொன்னது, எங்க வீட்டில டான்ஸுக்கெல்லாம் அனுப்பமாட்டாங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஆனால் பாட்டு ஓடும்போது அம்மாவின் கால் கட்டைவிரல் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது, குரல்கள் சேரும் விதம். ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள் சேர்ந்து பாடும்போது சொல் முடிகிற இடம் ஒன்றாக இருக்கும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே மூச்சு ஒரே இடத்தில் விழும். கோயிலில் ஒரே குடும்பத்தார் தேவாரம் பாடிக் கேட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும். பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு ஆள் வந்து சேர்ந்தால், எவ்வளவு நல்ல குரலாக இருந்தாலும், ஓரத்தில் ஒரு தையல் தெரியும். ஃபத்தார் வீட்டுக் குரல்களுக்கு நடுவில் வந்த பிளாண்டி சாப்ளின் அந்தத் தையலை மறைக்கவே பார்க்கவில்லை. தன் குரலின் சொரசொரப்பை அப்படியே வைத்துக்கொண்டார். அதுதான் அவரை எங்கெங்கோ கொண்டுபோனது.

மூன்றாவதாக நான் சொல்வது என் ஊகம்தான். நாலைந்து மணி நேரம் ஒரு ஹாலைக் கலையாமல் பிடித்து வைத்திருக்க வேண்டிய குழு சோம்பலாக வாசிக்க முடியாது. ஆடுகிறவர்கள் உட்கார்ந்துவிட்டால் அடுத்த வாரம் வேறு குழுவைக் கூப்பிடுவார்கள். அந்த உழைப்பு தட்டில் கேட்கிறது. டிரம்ஸ் அடிக்கிற பையன் எங்கேயும் வித்தை காட்டுவதில்லை, ஆனால் அடி ஒன்றுகூடத் தளராது. நம் தவில்காரர்களில் சிலர் கல்யாண ஊர்வலத்தில் இப்படித்தான், ஊர்வலம் நகர வேண்டும் என்பதை மறக்கவேமாட்டார்கள்.

இதெல்லாம் நான் பின்னாளில் கற்றுக்கொண்டது. சின்ன வயதில் எனக்கு இது அப்பாவின் இரைச்சல், அவ்வளவுதான். தாத்தாவுக்கும் அப்படித்தான் இருந்ததாம். பிறகு தமிழ் படிக்கிறேன் என்று கிளம்பி 1996இல் சென்னைக்குப் போனேன். விடுதியில் அறைத்தோழியிடம் பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கக் குழுவின் கேசட் ஒன்று இருந்தது. அதில் 'செயில் ஆன், செயிலர்' என்று ஒரு பாட்டு. மற்ற பாட்டெல்லாம் வழவழவென்று போக, இதில் மட்டும் ஒரு குரல் மணலை வாரி வீசுகிற மாதிரி வந்தது. அந்தக் குரல் எனக்கு ஏற்கெனவே தெரிந்த குரல். எங்கே கேட்டேன் என்றுதான் தெரியவில்லை. ஊர் ஞாபகம் வந்து நெஞ்சை அடைத்தது, காரணம் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எஸ்.டி.டி. பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசும்போது அப்பாவிடம் கேட்டேன். சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. டர்பனுக்கு ஒரு நிமிஷம் என்பது என் ஒரு நாள் சாப்பாட்டுக் காசு. அப்பா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அது யாரு தெரியுமா? பிளாண்டி. நம்ம ஊர் லைட்டி" என்றார். லைட்டி என்றால் டர்பன் பேச்சில் சின்னப் பையன். பிறகு போனிலேயே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் நிறுத்தவில்லை. அந்த வாரம் நான்கு நாள் தயிர்சாதம்.

கதை இதுதான். 1968இல் ஃபிளேம்ஸ் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்கள். அங்கே ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தபோது, 1969இல், பீச் பாய்ஸின் அல் ஜார்டின் கேட்டுவிட்டுப் போய்ச் சொல்ல, அதே குழுவின் கார்ல் வில்சன் அவர்களை அமெரிக்காவுக்குக் கூப்பிட்டுக்கொண்டார். அமெரிக்கப் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் குழுவுக்கும் ஃபிளேம்ஸ் என்று பெயர் இருந்ததால் கடைசி எழுத்தை வெட்டி 'த ஃபிளேம்' ஆனார்கள். கார்ல் வில்சனே தயாரித்து, பீச் பாய்ஸின் சொந்த நிறுவனமான பிரதர் ரெக்கார்ட்ஸ் மூலம் எல்.பி. வந்தது. எட்ரீஸின் செல்லப்பெயரும் நிறுவனத்தின் பெயரும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், அப்பா நம்பமாட்டார். அதில் 'சீ த லைட்' என்ற பாட்டு அமெரிக்கப் பட்டியலின் முதல் நூறுக்குள் வாலில் எட்டிப் பார்த்தது.

என்னைக் கேட்டால் இசையாக அவர்கள் செய்ததில் மேலானது அந்த அமெரிக்க எல்.பி.தான். எல்லாம் சொந்தப் பாட்டு, கிட்டார் முரட்டுத்தனமாக, குரல்கள் தேன் மாதிரி. பீட்டில்ஸின் சாயல் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அப்பா அதை இரண்டு முறைக்கு மேல் கேட்டதில்லை. "இதுக்கு ஆட முடியாது" என்பது அவருடைய தீர்ப்பு. ஒருவேளை உங்கள் அப்பாவும் இதை வாங்காமலே இருந்திருக்கலாம்.

அந்தக் குழு அதோடு கலைந்தது. பிளாண்டியும் ரிக்கியும் 1972இல் பீச் பாய்ஸிலேயே சேர்ந்துவிட்டார்கள். இங்கே நான் எப்போதும் ஒரு நிமிஷம் நின்றுவிடுவேன். டர்பனில் நல்ல கடற்கரை முழுக்க வெள்ளையர்களுக்கு ஒதுக்கியது. பலகை நட்டு எழுதி வைத்திருந்தார்கள். 1989 கடைசியில்தான் நாடு முழுக்கக் கடற்கரைகளைத் திறந்துவிடுவதாக அரசாங்கம் அறிவித்தது. தன் ஊர்க் கடலில் இஷ்டப்பட்ட இடத்தில் கால் நனைக்க முடியாத இரண்டு பையன்கள் பீச் பாய்ஸ் ஆனார்கள். அப்பா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் பேசமாட்டார்.

அவர்கள் இருந்தபோது வந்தது 'ஹாலண்ட்' எல்.பி. 1973 ஜனவரியில். அதற்காக இரண்டு பேரும் 'வீ காட் லவ்' என்று ஒரு பாட்டு எழுதுவதில் சேர்ந்திருந்தார்கள். தட்டை வெளியிட வேண்டிய நிறுவனம் எல்.பி.யைக் கேட்டுவிட்டு, கடையில் விற்க ஒரு பாட்டுகூட இல்லையே என்று திருப்பி அனுப்பியது. அந்தப் பாட்டை எடுத்துவிட்டு வேறு ஒன்றைப் போட்டார்கள். போட்டதுதான் 'செயில் ஆன், செயிலர்'. பீச் பாய்ஸின் டெனிஸ் வில்சன் பாடிப் பார்த்தார், சரியாக வரவில்லை, கடைசியில் பிளாண்டியிடம் வந்தது. ஆகத் தன் பாட்டு போன இடத்தில் தன் குரலை வைத்துவிட்டு வந்திருக்கிறார் மனிதர். எடுத்த பாட்டு வீணாகவில்லை, அதே வருஷம் வந்த கச்சேரி எல்.பி.யில் இருக்கிறது. அந்தக் காலப் பதிவுகளை எல்லாம் சேர்த்து 2022இல் பெரிய தொகுப்பாகவும் போட்டார்கள். அதன் பெயரிலேயே 'செயில் ஆன், செயிலர்' இருக்கிறது.

மிச்சக் கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு பேரும் மூன்று வருஷத்துக்குள் விலகினார்கள். பிளாண்டி பிறகு ரோலிங் ஸ்டோன்ஸ் சுற்றுப்பயணங்களில் வாசித்தார், பாடினார். ரிக்கி பல காலம் அமெரிக்கப் பாடகி பானி ரைட்டின் டிரம்மர். அதற்கு நடுவில் 1978இல் பீட்டில்ஸைக் கேலி செய்து எடுத்த தொலைக்காட்சிப் படத்தில் ஜார்ஜ் ஹாரிசன் மாதிரியான பாத்திரமாக வந்தார், ஒரு வார்த்தை பேசாமல். எந்த பீட்டில்ஸை நம் வானொலி போட மாட்டேன் என்றதோ, அதே பீட்டில்ஸாக டர்பன் பையன் வேஷம் கட்டினான். தாத்தா இருந்து பார்த்திருந்தால் இதை மட்டும் ரசித்திருப்பார், அவரும் வேஷம் கட்டியவர்தானே.

ஸ்டீவ் ஊருக்கே திரும்பினார். டர்பனில் சின்னச் சின்ன இடங்களில் கிட்டாரோடு உட்கார்ந்து வாசித்துக்கொண்டே இருந்தார். நம் வீட்டிலிருந்து அரை மணி நேரத் தூரம். அப்பாவை ஒருநாள் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாடசாலைத் தேர்வு, காவடி, மழை, ஏதாவது ஒன்று வந்துவிடும். அப்பா 2016இல் போய்ச் சேர்ந்தார். ஸ்டீவ் 2020 ஜனவரியில்.

இனி உங்கள் கேள்வி. வெறும் பழைய நினைவுதானா? அப்பாவுக்கு நினைவு இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஏது? நான் பிறப்பதற்கு முன்னாலேயே அந்தக் குழு டர்பனை விட்டுப் போயாகிவிட்டது. நினைவே இல்லாத என்னை ஒரு கேசட் சென்னை விடுதியில் உட்கார்ந்த இடத்தில் அசைத்தது. போன வருஷம் பாடசாலையில் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தாளம் சொல்லிக்கொடுக்கும்போது, திஸ்ர நடைக்கு உதாரணமாக 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' போட்டேன். முதலில் சிரித்தார்கள். இரண்டாவது வரியில் ஒரு பையன் கண்ணை மூடிக்கொண்டான். பாட்டு முடிந்ததும், "மிஸ், இது யாரு?" என்று கேட்டான். சொன்னேன். "சும்மா சொல்றீங்க, டர்பனா?" என்றான்.

அந்த "டர்பனா?"வில்தான் உங்கள் அப்பாவின் உருக்கமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். நல்ல பாட்டு அமெரிக்காவிலிருந்து வரும், தமிழ்ப் பாட்டு மெட்ராஸிலிருந்து வரும், நாம் கேட்கிறவர்கள் என்று பழகியிருந்த ஒரு தலைமுறை அது. திடீரென்று பஸ் நிறுத்தத்தில் பார்க்கக்கூடிய முகங்கள் அதே பாட்டை, எந்தக் குறையும் இல்லாமல், இன்னும் சொன்னால் அதிகமாகவே, பாடிவிட்டார்கள். கைகட்டி நிற்கவைத்த ஊரில் அதைக் கேட்க எப்படி இருந்திருக்கும். குழு நன்றாக வாசிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பெருமை ஒரு வருஷம் தாங்கியிருக்காது. நன்றாக வாசித்தார்கள், அதனால் ஐம்பது வருஷம் தாங்கியது.

எதிலிருந்து தொடங்குவது? பிளாண்டியின் குரலை 'செயில் ஆன், செயிலர்' பாட்டில் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள், அது எங்கும் கிடைக்கும். அப்புறம் பின்னால் நடந்து 'சீ த லைட்'. கடைசியாக அப்பாவின் தட்டு. நான் அந்த வரிசையில்தான் வந்தேன், காதுக்கு அதுவே சுலபம்.

தட்டைப் பழைய ரேடியோகிராமில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தேய்ந்த ஊசி பள்ளத்தைச் சீவிவிடும். ஊசி மாற்றிய வேறு பிளேயரில் போடுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் மெத்தென்ற துணியை நனைத்துப் பிழிந்து, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள். தமிழ்ப் படத் தட்டுகளில் கனமான, கீழே போட்டால் உடைகிற பழைய 78 இருந்தால் அதில் ஸ்பிரிட் படவே கூடாது, அரக்குக் கரைந்துவிடும்.

துடைக்கும்போது நடுவில் உள்ள லேபிளை நனைக்காதீர்கள். அந்தக் காலத்தில் டான்ஸுக்குத் தட்டு கொண்டுபோனால் மாறிப்போகும் என்று எல்லோரும் லேபிளில் பால்பாயிண்ட் பேனாவால் பெயரோ எழுத்தோ போட்டு வைப்பார்கள். அப்படியும் மாறும். என் அப்பாவின் 'ஃபார் யுவர் பிரெஷஸ் லவ்' செவன்-சிங்கிளை, அதாவது சின்னத் தட்டை, எங்கள் தெருவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பாட்டுப் போட வந்த ஆள் இரவல் வாங்கிப் போனார். திங்கட்கிழமை தருகிறேன் என்றவர் பிறகு தெருப்பக்கமே வரவில்லை. அதை அப்பா கடைசிவரை அம்மாவிடம் சொல்லிப் புலம்பினார். உங்கள் நான்கில் அந்தத் தட்டு இருந்தால் திருப்பிப் பார்த்து ஒரு வரி எழுதுங்கள் தம்பி. இரண்டாம் பக்கத்து லேபிளில், ஓட்டைக்குப் பக்கத்தில், நீல மையில் தமிழில் ஒரு 'கோ' இருக்கிறதா என்று மட்டும். இருந்தாலும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவிடம் சொன்னால் போதும் எனக்கு.